மருந்துப் பெட்டி: பழைய மாத்திரை, புதிய வேலை

மருந்தியல் பாடம் நடத்தியே 31 வருடம் ஓடிவிட்டது. ஓய்வுபெற்ற பிறகு இந்தப் பக்கம்தான் என் வகுப்பறை. இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலை: "இது வேறு நோய்க்கான மருந்தாயிற்றே, எங்களுக்கு ஏன் எழுதிக் கொடுத்தார்கள்?" இன்னொரு பக்கம், "அந்த நோய்க்கு இருக்கும் மருந்து இதற்கும் கேட்குமாமே, சாப்பிடலாமா?" என்று கேட்பவர்கள். இரண்டும் ஒரே சங்கதியின் இரு முனைகள் என்பதால் இந்த இதழை முழுக்க இதற்கே வைத்துக்கொண்டேன். முதலில் கடிதம், அதன் கீழே என் பதில்.

அம்மாவுக்கு 62 வயது. நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடிவிட்டது என்று சில்டெனாஃபில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மருந்துக் கடையில் சீட்டை வாங்கியவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அம்மா அது என்ன மருந்து என்று தேடிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்றாவியை நான் தொட மாட்டேன்" என்கிறார். என்ன சொல்லிப் புரியவைப்பது, மேடம்?

அம்மாவுக்கு இருக்கும் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த மருந்து முதலில் தயாரானது அவர் நினைக்கிற காரியத்துக்காக இல்லை என்பதிலிருந்து பேச்சை ஆரம்பியுங்கள். இங்கிலாந்தில் கென்ட் பகுதியில் உள்ள சாண்ட்விச் என்ற ஊரில், ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், இதய ரத்தக்குழாய் அடைப்பால் வரும் நெஞ்சு வலிக்காகத்தான் இதை உருவாக்கினார்கள். நெஞ்சு வலிக்கு எதிர்பார்த்த அளவு கேட்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் வேல்ஸின் மெர்த்திர் டிட்ஃபில் நகரில் நடந்த சோதனையில், மருந்தைச் சாப்பிட்ட ஆண்கள் ஒரு பக்க விளைவைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அந்தப் பக்க விளைவுதான் 1998இல் வயாகரா என்ற ஆண்மைக் குறைவு மாத்திரையாக உலகம் முழுக்கப் பிரபலமானது.

நுரையீரல் கதை அதற்குப் பிறகு வருவது. ரத்தக்குழாய்ச் சுவரைத் தளர்த்தச் சொல்லி உடம்பே ஒரு ரசாயனச் செய்தியை அனுப்புகிறது. அந்தச் செய்தியை அழித்துவிடும் நொதி ஒன்றும் உண்டு. சில்டெனாஃபில் அந்த நொதியைத் தடுக்கிறது, செய்தி நீடிக்கிறது, குழாய் விரிகிறது. அந்த நொதி நுரையீரல் ரத்தக்குழாய்களிலும் நிறைய இருக்கிறது. அங்கே குழாய்கள் இறுகிப்போனால் இதயத்தின் வலது பக்கம் முட்டி மோதி ரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது அதனால்தான். 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த நோய்க்கு இதை அனுமதித்தது. 20 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மூன்று வேளை என்பது வழக்கமான அளவு. அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள்: இந்த நோய் அதிகம் தாக்குவது பெண்களைத்தான். ஆகவே இந்த மாத்திரையை நுரையீரலுக்காகச் சாப்பிடுகிறவர்களிலும் பெண்களே அதிகம்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் மறக்க வேண்டாம். நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை, ஸ்ப்ரே எதுவும் இதோடு கூடவே கூடாது. ரத்த அழுத்தம் திடீரென்று அதலபாதாளத்துக்குப் போய்விடும். அவசரத்தில் வேறொரு டாக்டர் பார்க்க நேர்ந்தாலும், "சில்டெனாஃபில் சாப்பிடுகிறார்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு மறைத்தால்தான் ஆபத்து.

அண்ணனுக்கு மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய். தாலிடோமைடு ஆரம்பித்திருக்கிறார்கள். கைகால் இல்லாமல் குழந்தைகள் பிறக்கக் காரணமான அதே மருந்தா? எப்படி அனுமதிக்கிறார்கள்? வீட்டில் அண்ணன் மகள்தான் வேளாவேளைக்கு மாத்திரை பிரித்துக் கொடுக்கிறாள். அவள் ஐந்து மாத கர்ப்பிணி.

முதலில் கடைசி வரிக்குப் பதில். இந்த இதழ் கைக்கு வந்த இந்த நிமிடமே அந்த வேலையை வேறொருவர் ஏற்க வேண்டும். அண்ணன் மகள் அந்தக் கேப்ஸ்யூலைத் தொடக்கூட வேண்டாம். யாரும் அதைப் பிரித்துக் கொட்டவோ உடைக்கவோ கூடாது. இதுவரை எடுத்துக் கொடுத்ததை அவளுடைய மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லிவிடுங்கள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. உடையாத கேப்ஸ்யூலைத் தொட்டதற்கும் விழுங்கியதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஆனாலும் டாக்டருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், அதே மருந்துதான். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. மருந்துச் சீட்டே இல்லாமல் கிடைத்தது. கர்ப்பகால வாந்திக்கும் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் அங்கே விற்பனையை நிறுத்தியபோது பல நாடுகளில் குழந்தைகள் பாதிக்கப்பட்டிருந்தார்கள். மொத்தம் 10,000க்கு மேல். அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் கெல்சி என்ற அதிகாரி, "ஆதாரம் போதாது" என்று திரும்பத் திரும்பக் கோப்பைத் திருப்பி அனுப்பியதால் அங்கே கடைகளுக்கே வரவில்லை. வகுப்பில் இந்த இடம் வந்தால் நான் சற்று நேரம் நின்றுவிடுவேன். ஒரு கோப்பில் கையெழுத்துப் போட மறுத்ததால் எத்தனையோ குழந்தைகள் கைகால்களோடு பிறந்தார்கள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டிய மருந்துதான். 1964இல் ஜெருசலேமில் யாக்கோப் ஷெஸ்கின் என்ற தோல் மருத்துவரிடம் ஒரு தொழுநோயாளி இருந்தார். தொழுநோயில் சிலருக்கு உடம்பெங்கும் சிவந்த கட்டிகள் கிளம்பிக் காய்ச்சலும் வலியும் வாட்டும் ஒரு கட்டம் வரும். அந்த நோயாளியால் வலியில் தூங்கவே முடியவில்லை. எந்தத் தூக்க மருந்தும் கேட்காததால், கையிருப்பில் இருந்த தாலிடோமைடைக் கொடுத்துப் பார்த்தார் ஷெஸ்கின். நோயாளி தூங்கினார். தூங்கி எழுந்தபோது வலி வெகுவாகக் குறைந்திருந்தது. சில நாட்களில் கட்டிகள் ஆறத் தொடங்கின. தொழுநோய்க் கிருமியை அது கொல்லவில்லை, அழற்சியைத்தான் அடக்கியது. 1998இல் அமெரிக்கா இந்தப் பயனுக்கு, மிகக் கடுமையான கட்டுப்பாடுகளோடு, அனுமதி தந்தது.

மைலோமாவுக்கு வந்தது இன்னொரு பாதையில். இந்த மருந்து புதிய ரத்தக்குழாய்கள் முளைப்பதைத் தடுக்கிறது என்று 1994இல் தெரியவந்தது. புற்றுக்கட்டிக்கும் ரத்தக்குழாய் வேண்டுமே என்ற யோசனையில், அமெரிக்காவின் அர்க்கன்சாவில் வேறு வழியில்லாத 84 மைலோமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1999இல் முடிவை வெளியிட்டார்கள். மூன்றில் ஒருவருக்கு நோய் பின்வாங்கியது. 2006இல் அனுமதி கிடைத்தது.

இதில் என்னை இன்றும் உலுக்குவது 2010இல் வெளியான ஜப்பானிய ஆய்வு. டோக்கியோவில் ஹிரோஷி ஹாண்டாவின் குழு, இந்த மருந்து செல்லுக்குள் போய் எதைப் பிடிக்கிறது என்று தேடி, செரெப்ளான் என்ற புரதத்தைக் கண்டுபிடித்தது. எந்தப் புரதத்தைக் குப்பையில் போட வேண்டும் என்று செல்லுக்குள் அடையாளம் வைக்கும் அமைப்பின் ஒரு பகுதி அது. தாலிடோமைடு போய் ஒட்டிக்கொண்டதும் அதன் தேர்வு மாறிவிடுகிறது. கருவில் இருக்கும் சிசுவில், கைகால் வளரத் தேவையான புரதத்தை அழிக்கச் சொல்கிறது. மைலோமா செல்லில், அந்தப் புற்று உயிர்வாழத் தேவையான புரதத்தை அழிக்கச் சொல்கிறது. அழித்த கையும் காப்பாற்றும் கையும் ஒன்றேதான். லெனலிடோமைடு, பொமலிடோமைடு என்று அண்ணனுக்கு அடுத்து வரக்கூடிய மருந்துகளும் இதே குடும்பம்தான்.

அண்ணனுக்கு மலச்சிக்கல், பாதத்தில் மரத்துப்போதல், ஒரு காலில் மட்டும் வீக்கம் எதுவானாலும் உடனே சொல்லச் சொல்லுங்கள். கால் வீக்கம் ரத்தக்கட்டாக இருக்கலாம். அவர் ரத்ததானம் செய்யக் கூடாது. விந்துவிலும் மருந்து இருக்கும் என்பதால் ஆணுறை கட்டாயம். மிச்ச மாத்திரையை யாருக்கும் தரக் கூடாது. தொழுநோய்க்காக இதைத் தொடர்ந்து பயன்படுத்திய பிரேசிலில், இப்படிக் கைமாறிய மாத்திரைகளால் பின்னாளிலும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள்.

மூட்டு வலிக்குப் போனேன். முடக்குவாதம் என்று மெத்தோட்ரெக்சேட் கொடுத்திருக்கிறார்கள். அது புற்றுநோய் மருந்தாமே? எனக்குப் புற்றுநோய் வந்திருப்பதை மறைக்கிறார்களா, அம்மா?

இல்லையம்மா, யாரும் எதையும் மறைக்கவில்லை. மருந்து ஒன்று, அளவு வேறு. புற்றுநோய்க்குச் சில நேரம் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். மூட்டுக்கு வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரைதான். அந்தச் சின்ன அளவில் அது செல்களைக் கொல்வதற்கல்ல, தன் மூட்டையே தாக்கிக்கொண்டிருக்கும் உடம்பின் கோபத்தைத் தணிப்பதற்கு. முடக்குவாதத்துக்கு 1988இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது; இன்று உலகெங்கும் முதலில் கொடுக்கும் மருந்து இதுதான்.

ஆனால் 'வாரத்துக்கு' என்ற சொல்லை நான் சும்மா எழுதவில்லை. என் அம்மாவுக்கு இதே மருந்து எழுதினார்கள். சீட்டில் 'வாரம் ஒரு முறை' என்று சரியாகவே இருந்தது. மருந்து கொடுத்த இடத்தில் உறையின் மேல் பேனாவால் 'இரவு 1' என்று எழுதிவிட்டார்கள். நான் வெளியூரில் இருந்தேன். அம்மா உறையைப் பார்த்துத் தினமும் இரவு ஒன்றாகச் சாப்பிட்டார். எட்டாம் நாள் போனில் பேசும்போது, "வாயெல்லாம் புண், தண்ணீர் குடித்தாலே எரிகிறது" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று இரவே மருத்துவமனையில் சேர்த்தோம். வெள்ளை அணுக்கள் தரையைத் தொட்டிருந்தன. முறிவு மருந்தான ஃபோலினிக் அமிலம் ஏற்றி, இரண்டு வாரம் படுத்து எழுந்தார்.

அதன்பிறகு எங்கள் வீட்டு நாட்காட்டியில் புதன்கிழமை தோறும் சிவப்பு வட்டம் இருக்கும். மாத்திரை சாப்பிட்டதும் அம்மா அந்த வட்டத்துக்குள் ஒரு குறுக்குக் கோடு போடுவார். அட்டை என் அலமாரியில். புதன் வந்தால் அன்றைக்கு உரியது மட்டும் வெளியே வரும். நீங்களும் ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். சீட்டிலேயே அந்தக் கிழமையின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலம் கொடுத்திருந்தால் விடாமல் சாப்பிடுங்கள். வாய்ப்புண், காய்ச்சல், வறட்டு இருமல் வந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

எனக்கு 45 வயது. சர்க்கரை நோய் இல்லை. மெட்ஃபார்மின் ஆயுளைக் கூட்டும், புற்றுநோய் வராமல் தடுக்கும் என்று படித்தேன். ஆரம்பிக்கலாமா?

வேண்டாம்.

அந்தச் செய்தி எங்கிருந்து கிளம்பியது என்று சொல்கிறேன். மெட்ஃபார்மின் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைப் புரட்டியபோது அவர்களுக்குப் புற்றுநோய் குறைவாக இருப்பதுபோல் தெரிந்தது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒருவர் பத்து வருடம் ஒரு மருந்தைச் சாப்பிட்டார் என்றால், பத்து வருடம் உயிரோடு இருந்தார் என்றுதானே பொருள்? இடையில் போய்ச் சேர்ந்தவர் 'குறைந்த காலம் சாப்பிட்டவர்' பட்டியலுக்குப் போய்விடுவார். அப்புறம் கணக்குப் பார்த்தால் நீண்ட காலம் சாப்பிட்டவர்களே நீண்ட காலம் வாழ்ந்ததாகத்தான் வரும். மருந்து எதுவும் செய்யாவிட்டாலும் அப்படித்தான் வரும்.

இதைத் தீர்க்கக் குலுக்கல் முறைதான் வழி. யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை டாக்டரும் முடிவு செய்யக் கூடாது, நோயாளியும் முடிவு செய்யக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்கு அப்படி ஒரு பெரிய சோதனை நடந்தது. சர்க்கரை நோய் இல்லாத 3,649 பேர், ஐந்து வருடம். 2022இல் முடிவு வெளியானது: முக்கியமாகப் பார்த்த விஷயத்தில், அதாவது நோய் திரும்புவதைத் தடுப்பதில், மெட்ஃபார்மினுக்கும் வெற்று மாத்திரைக்கும் வித்தியாசம் இல்லை. இன்னொரு சோதனையில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களை எடைப் பயிற்சி செய்யவைத்துப் பார்த்தார்கள். மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்குத் தசை குறைவாகவே வளர்ந்தது. நீண்ட காலம் சாப்பிட்டால் பி12 வைட்டமினும் குறையலாம். சர்க்கரை நோய்க்கு இது தங்கமான மருந்து, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆரோக்கியமான 45 வயதுக்காரருக்கு நான் தர மாட்டேன்.

எடை குறைக்கும் செமாகுளூடைடு ஊசி மறதி நோய்க்கும் கேட்கிறதாமே?

நானும் ஆவலோடு காத்திருந்தேன். ஊசியை விட்டுவிட்டு மாத்திரை வடிவில், ஆரம்பக்கட்ட அல்சைமர் நோயாளிகளிடம் இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. 2025 நவம்பரில் முடிவு வந்தது: நோயின் வேகம் குறையவில்லை. அதே மருந்து, உடல் பருமனும் இதய நோயும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை 20 சதவீதம் குறைத்ததும் உண்மை; 17,604 பேரிடம் சோதித்து 2023இல் வெளியானது. இதயத்துக்கு ஆம், மறதிக்கு இன்றைய நிலையில் இல்லை.

மாமாவுக்குக் குடல் புற்றுநோய். குடும்பத்தில் ஒருவர் காணொளி பார்த்துவிட்டு ஐவர்மெக்டினும், நாய்களுக்குக் கொடுக்கும் ஃபென்பெண்டசோலும் வாங்கி வந்து, கீமோவை நிறுத்தச் சொல்கிறார். "ஆய்வுக்கூடத்தில் புற்றுச் செல்களைக் கொன்றிருக்கிறது" என்று காட்டுகிறார். பொய்யா அது?

பொய் இல்லை. அதனால்தான் இவ்வளவு பேர் நம்புகிறார்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள்மேல் இந்த மருந்துகளை ஊற்றினால் செல்கள் சாகின்றன. எவ்வளவு ஊற்றினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கோவிட் வந்த புதிதில், 2020இல், ஆஸ்திரேலியாவில் ஐவர்மெக்டின் அந்த வைரஸைத் தட்டில் அடக்கியது. அந்த அடர்த்தியை மனித ரத்தத்தில் எட்ட வேண்டுமானால் வழக்கமான அளவைப் போலப் பல பத்து மடங்கு விழுங்க வேண்டும். பிறகு ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் குலுக்கல் முறையில் சோதித்தபோது பலன் தெரியவில்லை. ஐவர்மெக்டினை நான் குறைத்துப் பேசவில்லை. ஆற்றோரக் குருட்டு நோயிலிருந்து கோடிக்கணக்கானவர்களைக் காத்த மருந்து. அதைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அது புழுக்களுக்கான மருந்து, அந்த வேலையில் அதற்கு ஈடில்லை.

ஃபென்பெண்டசோல் விஷயத்தில் ஒரு அமெரிக்கரின் கதைதான் எங்கும் சுற்றுகிறது. அதைச் சாப்பிட்டு நுரையீரல் புற்றுநோய் மறைந்ததாகச் சொன்னவர். அவர் அதே காலத்தில், நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய புற்றுநோய் மருந்து ஒன்றின் சோதனையிலும் இருந்தார் என்பதைக் காணொளிகள் சொல்வதில்லை. ஃபென்பெண்டசோல் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் இருக்கின்றன.

கீமோவை நிறுத்த விடாதீர்கள். மாமா ஏற்கெனவே எதையாவது விழுங்கியிருந்தால், திட்டாமல், அந்த அட்டையோடு புற்றுநோய் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கல்லீரல் பரிசோதனை எடுக்கச் சொல்வார்.

பழைய மருந்து குடல் புற்றுநோய்க்கு உதவவே உதவாதா என்றால், உதவுகிறது. 2025இல் வெளியான ஒரு சோதனையில், குறிப்பிட்ட ஒரு வகை மரபணு மாற்றம் உள்ள குடல் புற்றுநோயாளிகளுக்கு அறுவை சிகிச்சைக்குப் பிறகு தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின், மூன்று வருடம் கொடுத்தார்கள். நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. வீட்டில் உள்ளவருக்கு எதையாவது செய்ய வேண்டும் என்று மனம் துடிக்கிறது, அந்தத் துடிப்பை இந்தக் கேள்வியில் செலுத்தச் சொல்லுங்கள்: "மாமாவின் கட்டியில் அந்த மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கலாமா, டாக்டர்?" தானாக ஆஸ்பிரின் ஆரம்பிப்பது வேண்டாம். ரத்தக்கசிவு அதன் கூடவே வரும் ஆபத்து.

மருந்தியல் முதலாண்டு மாணவன் நான். புதிய பயன்களைக் கணினியே கண்டுபிடித்துவிடும் என்றால் எங்களுக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது, தம்பி. கணினி பொருத்தம் பார்க்கும், உண்மைதான். 2020 பிப்ரவரியில் பெனவலன்ட்ஏஐ என்ற நிறுவனம் தன் கணினித் தேடலை வைத்து, முடக்குவாத மருந்தான பாரிசிட்டினிப் கோவிட்டுக்கு உதவலாம் என்று சொன்னது. சொன்னது பலித்தது. ஆனால் பலித்தது என்று நமக்குத் தெரிந்தது எப்படி? பிரிட்டனின் ரிகவரி சோதனையில் 8,000க்கு மேற்பட்ட நோயாளிகளிடம் பார்த்த பிறகு. இறப்பு 13 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் இதுபோல நம்பிக்கையோடு முன்வைத்த எத்தனையோ மருந்துகள் ஒன்றுமில்லாமல் போயின.

அதே சோதனையில் டெக்சாமெத்தசோனின் கணக்கை ஒரு முறை உட்கார்ந்து பார். 1950களில் உருவான மலிவான மருந்து. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 41.4 சதவீதம் இறந்தார்கள். இந்த மருந்தும் பெற்றவர்கள் 29.3 சதவீதம். ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கோ பலன் இல்லை, கெடுதல் இருக்கலாம் என்றுகூடத் தோன்றியது. ஒரே நோய், ஒரே மாத்திரை. யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்பதில் எல்லாம் மாறிவிட்டது.

இன்னொருவரைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானின் உடாகோ ஒகாமோட்டோ. பிரசவத்தில் ரத்தப்போக்கால் தாய்மார்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்று, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் நின்றவர். கணவரோடு சேர்ந்து அவர் 1962இல் வெளியிட்டதுதான் டிரானெக்சாமிக் அமிலம். அந்தக் காலத்து மகப்பேறு மருத்துவர்களிடம் இதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்டும் நடக்கவில்லை. மருந்து பல் பிடுங்குவதற்கும் அதிக மாதவிடாய்ப் போக்குக்கும் என்று ஒதுங்கிக் கிடந்தது. 2010இல் விபத்துக் காயம்பட்ட 20,211 பேரிடம் சோதித்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பிரசவத்துக்கான சோதனை 2017இல் வெளியானது, 20,060 தாய்மார்கள். மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தவர்களில் ரத்தப்போக்கால் வரும் இறப்பு 31 சதவீதம் குறைந்தது. ஒகாமோட்டோ அதற்கு முந்தைய ஆண்டு, 98 வயதில், இறந்துவிட்டார். காப்புரிமை போன மருந்தைச் சோதிக்கப் பணம் போட யாரும் இல்லாததால் இப்படி அரை நூற்றாண்டு போகிறது. அந்த ஐம்பது வருடத்தில் ரத்தம் வடிந்து போன தாய்மார்களை நினைத்தால் எனக்குப் பொறுக்க முடியவில்லை. உன் வேலை அங்கேதான் இருக்கிறது.

அம்மாவுக்குப் பல வருடங்களாகக் கை நடுக்கம். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். மூன்று மாதம் முன்பு படபடப்புக்காகப் புரோப்ரனலால் ஆரம்பித்தார்கள். போன வாரம் வங்கிப் படிவத்தில் அவர் போட்ட கையெழுத்து கோணாமல் இருந்தது! இதை டாக்டரிடம் சொன்னால் சிரிப்பாரோ?

சிரிக்க மாட்டார். புரோப்ரனலால் ஒரு வகைக் கை நடுக்கத்தை அடக்கும் என்பது தெரிந்த விஷயம், அதற்கென்றே கொடுப்பதும் உண்டு. அம்மாவின் நடுக்கம் அந்த வகைதான் என்பதற்கு நீங்கள் பார்த்த அந்தக் கையெழுத்து நல்ல தடயம். அதை வைத்து டாக்டர் யோசிப்பார்.

இதே மருந்து செய்த இன்னொரு காரியமும் இப்படி ஒருவர் கவனித்ததுதான். பிரான்சின் போர்தோவில் ஒரு குழந்தைக்கு மூக்கில் பெரிய சிவப்பு ரத்தக்குழாய்க் கட்டி. அதற்குக் கொடுத்த ஸ்டீராய்டால் இதயத் தசை தடித்துப்போகவே, இதயத்துக்காகப் புரோப்ரனலால் ஆரம்பித்தார்கள். மறுநாளே, ரத்தச் சிவப்பாக இருந்த கட்டி ஊதா நிறமாகி, தொட்டால் மென்மையாக இருந்தது. கிறிஸ்டின் லெயோத்தே-லப்ரேஸ் என்ற மருத்துவரின் குழு அதைத் தற்செயல் என்று தள்ளிவிடாமல் மற்றக் குழந்தைகளிடமும் பார்த்து 2008இல் எழுதியது. இன்று அந்தக் கட்டிக்கு முதல் மருந்து அதுதான்.

மருத்துவரே இல்லாமல் நோயாளியே கண்டுபிடித்ததும் உண்டு. 1968இல் அமெரிக்காவில் பார்க்கின்சன் நோயுள்ள 58 வயதுப் பெண்மணி, ஃப்ளூ வராமல் இருக்க அமன்டடின் மாத்திரை சாப்பிட்டார். உடம்பின் இறுக்கமும் நடுக்கமும் வெகுவாகக் குறைந்தன. ஆறு வாரம் கழித்து மாத்திரையை நிறுத்தியதும் எல்லாம் திரும்பி வந்தன. அவர் இதைத் தன் நரம்பியல் மருத்துவரிடம் சொன்னார், அந்த மருத்துவர் காது கொடுத்துக் கேட்டார். 163 பேரிடம் கொடுத்துப் பார்த்ததில் மூன்றில் இருவருக்குப் பலன். அமன்டடின் இன்றும் பார்க்கின்சன் மருந்துதான்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், அம்மாவை வெள்ளைத் தாளில் உள்ளிருந்து வெளியே சுற்றிச் சுற்றி ஒரு சுருள் வரையச் சொல்லுங்கள். முழங்கை மேசையில் படக் கூடாது. கீழே தேதி, மாத்திரை சாப்பிட்ட நேரம், அளவு. நரம்பியல் டாக்டர்களும் இதே சுருளைத்தான் வரையச் சொல்வார்கள். வித்தியாசம் பார்க்கிறேன் என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இதயம் தாறுமாறாக ஓடும். ஆஸ்துமா உண்டென்றால் இந்த வாரமே டாக்டரிடம் சொல்லுங்கள். பழைய பாஸ்புக்கிலோ பத்திரத்திலோ நடுங்கிய காலத்துக் கையெழுத்து கட்டாயம் இருக்கும். அதன் நகலையும் சுருள் வரைந்த தாள்களோடு எடுத்துப் போங்கள்.